கவிதை நாள் நடத்தலாம் வாங்க: கடலூர், புதுவை நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரிலும் புதுச்சேரியிலுமாக மாறி மாறி நாங்கள் நடத்தும் கவிதை வாசிப்புக்கு அழைப்பு போனதுமே வாட்ஸ்அப்பில் கேள்விகள் வரிசைகட்டும். பாதி போன வருஷம் கேட்ட கேள்விகளாகவே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று இதை எழுதி வைக்கிறோம். தங்கள் தெருவிலோ நூலகத்திலோ இப்படி ஒன்றை நடத்திப் பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படலாம்.

அழைப்பில் தேசியக் கவிதை நாள் என்கிறீர்களே, அப்படி ஒரு நாள் நம் நாட்டில் இருக்கிறதா?

நாடு முழுக்க ஒரே தேதியில் கொண்டாடுகிற கவிதை நாள் நம்மிடம் இல்லை. அந்தப் பெயரும் வழக்கமும் பிரிட்டனுடையவை. அங்கே 1994இல் வில்லியம் சீகார்ட் தொடங்கி வைத்தார். அக்டோபர் மாதத்து முதல் வியாழக்கிழமை. ஆண்டுதோறும் ஒரு பொருள் அறிவிப்பார்கள். 2023க்குப் 'புகலிடம்', 2024க்கு 'எண்ணுதல்', 2025க்கு 'விளையாட்டு'. பள்ளிக்கூடம், நூலகம், புத்தகக் கடை என்று அவரவர் இடத்தில் அவரவர் வசதிப்படி வாசிப்பு நடத்திக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1996 முதல் ஏப்ரல் முழுவதும் கவிதை மாதம். யுனெஸ்கோ 1999இல் மார்ச் 21ஐ உலகக் கவிதை நாளாக அறிவித்தது.

நமக்குப் பிடித்தது அவர்களுடைய தேதியைவிட அந்த முறைதான். தலைநகரத்தில் ஒரு பெரிய மேடை போட்டு மற்றவர்கள் கைதட்டுவது இல்லை. ஊருக்கு ஊர், அறைக்கு அறை வாசிப்பு.

அப்போ எந்தத் தேதியில் வைப்பது?

தேதிக்குப் பஞ்சமே இல்லை. பாரதிதாசன் பிறந்த நாள் ஏப்ரல் 29. அதையொட்டி மே 5 வரை தமிழ் வாரமாகக் கொண்டாடப்படும் என்று தமிழ்நாடு அரசு 2025இல் அறிவித்தது. பாரதியின் நினைவு நாள் செப்டம்பர் 11. 2021இல் அதை மகாகவி நாள் என்று அறிவித்தார்கள். பாரதி பிறந்த டிசம்பர் 11ஐ 2022 முதல் ஒன்றிய அரசு இந்திய மொழிகளின் விழாவாக வைத்திருக்கிறது.

நாங்கள் புதுச்சேரிக் கூட்டத்தை ஏப்ரல் கடைசி ஞாயிறை ஒட்டியும் கடலூர்க் கூட்டத்தைச் செப்டம்பரிலும் வைக்கிறோம். ஏப்ரலில் வெயில் கொளுத்தும், ஆனால் பிள்ளைகளுக்குத் தேர்வு முடிந்திருக்கும். ஐந்தரைக்கு மேல் கடற்காற்றும் வந்துவிடும். மார்ச் 21 நல்ல நாள்தான். ஆனால் பொதுத் தேர்வு நடக்கும் மாதத்தில் பக்கத்து வீட்டுப் பெற்றோர் முன்னால் மைக் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

நவம்பர் 20ஐச் சிலர் சொல்கிறார்கள். பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்த பாரதி, 1918இல் பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறைக்குப் போனது அன்றுதான். டிசம்பர் 14இல்தான் விடுதலை. இரண்டு ஊருக்கும் பொதுவான தேதி என்றால் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் நம் பக்கத்து நவம்பர் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. வடகிழக்குப் பருவமழையோடு பந்தயம் கட்டும் தைரியம் எங்களுக்கு இல்லை. சுவரும் கூரையும் உள்ள இடம் கையில் இருந்தால் தாராளமாக நவம்பர் 20ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

இது கவியரங்கம்தானே? பெயரை மாற்றி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதானே?

இல்லை. இதை விளக்கத்தான் எங்களுக்கு அதிக நேரம் போகிறது.

கவியரங்கம் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆறு மணி என்று போட்ட நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கும். வரவேற்புரை, முன்னிலை, தலைமையுரை, வாழ்த்துரை. வாழ்த்துரைக்கு நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, புத்தகம், போட்டோ. அப்புறம் தலைமைக் கவிஞர் ஒவ்வொரு கவிஞரையும் எதுகை மோனையோடு அழைக்க, அவர் தலைமைக் கவிஞரைப் பத்து வரி புகழ்ந்துவிட்டுத் தம் கவிதைக்கு வருவார். அவர் இறங்கியதும் அவரோடு வந்தவர்கள் எழுந்து போவார்கள். ஒன்பதரைக்கு நன்றியுரை சொல்லும்போது நாற்காலிக்காரரும் மைக் செட்காரரும் மட்டும் பொறுப்போடு உட்கார்ந்திருப்பார்கள்.

கவியரங்கத்தைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நல்ல கவியரங்கம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்களும். ஆனால் அங்கே கவிஞர்தான் விருந்தாளி. கேட்க வந்தவர் கூட்டம். எங்கள் வாசிப்பில் வருகிறவர்தான் வாசிக்கிறவர். பிறர் எழுதிய கவிதையில் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, எழுந்து நின்று, சத்தமாகப் படித்துவிட்டு உட்காருவார். மருந்துக்கடைக்காரர், செவிலியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற தாசில்தார் எல்லோருக்கும் அதே நான்கு நிமிடம்தான்.

நான் கவிஞன். என் கவிதையை நான் வாசிக்கக் கூடாதா?

வாசிக்கலாம். முதலில் வேறொருவர் கவிதை ஒன்று, பிறகு உங்களுடையது ஒன்று. இந்த ஒரு விதிக்காக எங்களோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. இருக்கட்டும்.

யாருடைய கவிதையை எடுத்துக்கொண்டு வருவது? பாரதியார் தவிர எனக்கு யாரையும் தெரியாதே?

பாரதியோடு வாருங்கள், தப்பே இல்லை. 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' எல்லாம் புதுவையில் பிறந்தவை. ஒரே ஒரு வேண்டுகோள். பள்ளிக்கூடத்தில் ஒப்புவித்த பாட்டையே மறுபடி எடுக்காமல், தொகுப்பைக் கையில் எடுத்து நடுவில் எங்காவது பிரியுங்கள். ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தத் தெருவில் நடந்துவிட்டு வந்து படித்தால் வேறு மாதிரி இருக்கும்.

பாரதிதாசன் பெருமாள் கோயில் தெரு. அவருடைய வீடும் அருங்காட்சியகம்தான். 'அழகின் சிரிப்பு' நூலில் கடல் பற்றிய பகுதி ஊருக்குக் கிழக்கே உள்ள கடல் என்றே தொடங்கும். மதுரையிலோ கோவையிலோ அது வெறும் வர்ணனை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று படித்தால் கையை நீட்டிக் காட்டிவிடலாம்.

அவரிடம் படித்து, தாமும் ஆசிரியராக இருந்த வாணிதாசனைப் பாடப்புத்தகத்தோடு மறந்துவிட்டோம். ஏரி, வயல், ஆறு என்று நாம் பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டு போவதையெல்லாம் அவர் நின்று பார்த்திருக்கிறார். தமிழ்ஒளி கடலூர் மாவட்டத்து ஆடூரில் 1924இல் பிறந்தவர், வளர்ந்தது புதுச்சேரி. நாற்பது வயதுக்குச் சற்று மேலேதான் வாழ்ந்தார். 1965இல் போய்விட்டார். 'வீராயி' போன்ற கதைப் பாட்டுகளில் ஒரு பகுதியை எடுத்து இரண்டு மூன்று பேர் பங்கு போட்டு வாசித்தால் கூட்டம் அசையாமல் கேட்கும். இரு ஊருக்கும் சொந்தமான கவிஞரை இரு ஊரும் சேர்ந்து வாசிக்காமல் வேறு யார் வாசிப்பது என்பது எங்கள் கட்சி.

கடலூர்ப் பக்கம் இன்னும் பின்னால் போகலாம். மருதூரில் 1823இல் பிறந்து வடலூரில் சத்திய ஞான சபை கண்ட வள்ளலாரின் திருவருட்பாவை வழிபாட்டுக்கு என்று ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். அதில் பசியைப் பற்றி வரும் இடங்களைப் பாடாமல், சும்மா நிதானமாகப் படித்தாலே போதும். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் கரையேறியது திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் என்பது ஊர் நம்பிக்கை. கரையேறவிட்டகுப்பம் என்று அந்த இடத்துக்குப் பெயரே இருக்கிறது. தேவாரத்தை மட்டும் பண்ணோடு பாடத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது.

அச்சில் இல்லாத பாட்டு? பாட்டி சொன்ன தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் சேருமா?

அதுதான் முதலில் சேரும். தேவனாம்பட்டினத்தில் ஒரு மாலை, பேரனைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மா பின்வரிசையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க ஏதாச்சும் சொல்றீங்களாம்மா" என்று கேட்டதற்கு, "எனக்கு எழுத்தே தெரியாது தம்பி" என்றார். தாலாட்டு என்றதும் கூடையை இறக்கி வைத்தார். மைக்கை நீட்டினோம். "அத அப்பால எடு, புள்ள முழிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பாட ஆரம்பித்தார். தாய்மாமன் வாங்கி வந்த சீர்வரிசை ஒவ்வொன்றாக வருகிறது. வலையும் தோணியும் அதில் வந்தபோது அது புத்தகத்தில் இருக்கும் தாலாட்டு இல்லை என்று புரிந்தது. இடையில் ஒரு வரி மறந்து, மாமன் பெயரை மாற்றிப்போட்டுச் சமாளித்தார். பேரன் வெட்கப்பட்டுக்கொண்டு வெளியே ஓடிவிட்டான்.

ஒப்பாரிக்கு மட்டும் ஒரு சங்கடம் உண்டு. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

மேடையில் நின்றாலே கை நடுங்கும். எப்படித்தான் வாசிப்பது?

முதல் வேலை, கவிதையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையைப் பார்த்துப் படித்தால் பாதியில் அழைப்பு வரும், இல்லாவிட்டால் திரை அணையும். பெரிய எழுத்தாக, வரிக்கு வரி இடம் விட்டு, உங்கள் கையாலேயே எழுதினால் பாதிக் கவிதை அப்போதே மனப்பாடம் ஆகிவிடும்.

மரபுக் கவிதையென்றால் சீர் பிரிப்பு ஒரு பெரிய தொல்லை. பழைய பதிப்புகளில் ஓசைக்காகச் சொல்லை நடுவில் வெட்டி அச்சிட்டிருப்பார்கள். ஒரு சொல்லின் தலை ஒரு சீரில், வால் அடுத்த சீரில். அதை அப்படியே படித்தால் கேட்பவருக்குப் பொருள் பிடிபடாது. முழுக்கப் பிரித்துப் படித்தாலோ ஓசை செத்துவிடும். நாங்கள் செய்வது இதுதான்: முதலில் பொருள் தெரியும்படி சந்தி பிரித்துப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். அதை வீட்டில் பலமுறை படித்துவிட்டு, கூட்டத்தில் அச்சில் உள்ளபடியே படிப்போம். பொருள் தெரிந்த வாய் தானாகவே நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தும். எதுகையை அழுத்திக் குத்தத் தேவையில்லை. அது எங்கேயும் ஓடிவிடாது.

புதுக்கவிதைக்கு எதிர்ச் சிக்கல். உரைநடை மாதிரி கடகடவென்று ஓடிவிடுவார்கள். வரி முடிகிற இடத்தில் ஒரு மூச்சு விடுங்கள். முடிந்ததும் "நன்றி வணக்கம்" என்று ஒட்டாதீர்கள். கவிதையின் கடைசிச் சொல்லைக் கேட்கவிடாமல் செய்வது அதுதான்.

கவிதைக்கு முன்னால் விளக்கவுரை வேண்டாம். தலைப்பு, எழுதியவர் பெயர், புரியாத சொல் ஏதாவது இருந்தால் அதற்குப் பொருள். போதும். கை நடுங்கினால் தாளை அட்டையில் செருகிக்கொள்ளுங்கள், தெரியாது.

இடம் எங்கே கிடைக்கும்?

நூலகம்தான் முதல் தேர்வு. புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் 1827இல் தொடங்கியது. கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அவற்றின் நேரத்துக்கு ஒத்துப்போகாவிட்டால் கிளை நூலகம், பள்ளி வகுப்பறை, குடியிருப்போர் நலச் சங்கத்து மாடி. வாசகர் வட்டம் உள்ள நூலகமென்றால் நூலகரே பாதி வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்.

கடற்கரை எல்லோரும் ஆசைப்படும் இடம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள் என்பது வசதி. ஆனால் வார இறுதிக் கூட்டத்தில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. கடலூர் சில்வர் பீச்சில் காற்றுதான் வில்லன். மைக்கில் புஸ்புஸ் என்ற சத்தம் மட்டும் வரும், தாள் பறக்கும். கடற்கரை என்றால் இருபது பேருக்குள், மைக் இல்லாமல், வட்டமாக மணலில் உட்கார்ந்து, விடியற்காலையில். சூரியன் ஏறுவதற்குள் முடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடலாம்.

போலீஸ் அனுமதி வேண்டுமா?

பொது இடத்தில் ஒலிபெருக்கி என்றால் வேண்டும். காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பூங்கா, கடற்கரை என்றால் அந்த இடத்துக்குப் பொறுப்பான அலுவலகத்திலும் கேட்க வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. கவிதைக்கு அவ்வளவு நேரம் ஆனால் நிகழ்ச்சியில் வேறு ஏதோ கோளாறு.

கடலூர்க்காரர்களும் புதுச்சேரிக்காரர்களும் சேர்ந்து நடத்தினால் எந்தத் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுவது?

சிரிக்காதீர்கள், நிஜமாகவே இந்தக் கேள்வி வருகிறது. தமிழ்நாட்டில் மனோன்மணீயம் சுந்தரனாரின் 'நீராருங் கடலுடுத்த'. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்து, 55 விநாடிகளில் பாட வேண்டும் என்றும் சொன்னார்கள். புதுச்சேரியில் பாரதிதாசனின் 'வாழ்வினில் செம்மையை'. இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி வாழ்த்து மாறிவிடுகிறது. எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் வாழ்த்து. இசைத்தட்டு போடாமல் எல்லோரும் சேர்ந்து பாடுவோம். கடலூரிலிருந்து வருகிறவர்கள் இரண்டாவது வரியில் முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். அதற்காகவே வாழ்த்தை அச்சடித்து நாற்காலியில் வைத்துவிடுகிறோம்.

சிறப்பு விருந்தினர் இல்லாவிட்டால் நன்கொடை தரமாட்டேன் என்கிறாரே?

அப்படியானால் நன்கொடை வேண்டாம். செலவுதான் என்ன? நாற்காலி வாடகை, ஒரு கையடக்க ஒலிபெருக்கி, டீ, சுண்டல். பத்துப் பேர் பகிர்ந்துகொண்டால் யாருக்கும் பாரமில்லை. பிளெக்ஸ் பேனரை விட்டாலே பாதிச் செலவு போய்விடும். நன்கொடை தருகிறவருக்கு ஒரு கவிதை கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாங்கள் பார்த்தவரை பொன்னாடையைவிட அதில்தான் மனுஷர் குளிர்ந்துபோகிறார்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கலாமா? பரிசு இருந்தால் வருவார்களே?

வருவார்கள், பரிசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒப்புவித்தல் போட்டிக்கு வேறு நாட்கள் நிறைய இருக்கின்றன. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, யாரோ சொல்லிக்கொடுத்த ஏற்ற இறக்கத்தில் ஒரு குழந்தை முழங்குவதைக் கேட்டால் அந்தக் கவிதை பாவமாகத் தெரியும். பிள்ளையும் பெரியவரும் ஜோடியாக வாசிக்கட்டும். ஆளுக்கு ஒரு பத்தி. அப்பாவோ பாட்டியோ கூட வந்தாக வேண்டும் என்பதால் கூட்டமும் இரட்டிப்பாகும்.

பிரெஞ்சு, தெலுங்கு, மலையாளக் கவிதைகளுக்கு இடம் உண்டா?

மாஹேயும் யானமும் இருக்கிற ஆட்சிப் பகுதி இது. இல்லாமல் எப்படி? மூலத்தை முதலில் முழுசாக வாசித்துவிட்டு அப்புறம் தமிழில். வரிக்கு வரி மாற்றி மாற்றிப் படித்தால் இரண்டுமே கெட்டுவிடும்.

காப்புரிமைச் சிக்கல் வராதா?

இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். பாரதியின் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு வாங்கிப் பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. 1964இல் மறைந்த பாரதிதாசனின் நூல்களும் நாட்டுடைமையானவை. இன்று எழுதுகிறவர்களின் கவிதையில் நியாயமான அளவு ஒரு பகுதியைக் கூட்டத்தில் வாசிக்கச் சட்டமே இடம் தருகிறது. வாசிப்பு வேறு, அச்சடித்து விநியோகிப்பது வேறு, வீடியோவாக யூடியூபில் ஏற்றுவது வேறு. பின்னிரண்டுக்கும் கவிஞரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மகிழ்ந்து சரி என்பார்கள். மொழிபெயர்ப்பில் கவனம் வேண்டும். பிரெஞ்சு மூலம் நூற்றாண்டுப் பழையதாக இருக்கலாம், தமிழாக்கியவருக்கு உரிமை இருக்கும்.

எத்தனை பேர் வந்தால் நடத்தலாம்?

ஐந்து பேர். நான்கு பேர் வந்தால் ஆளுக்கு இரண்டு கவிதை. நாற்பதைத் தாண்டினால்தான் கவலை. அப்போது எல்லோருக்கும் வாசிக்க நேரம் இருக்காது. கேட்க மட்டும் வந்தவர், வாசிக்க வந்தவர் என்று இரண்டு சாதி உண்டாகிவிடும். பேசாமல் இரண்டு அறையாகப் பிரித்துவிடுங்கள்.

முன்பதிவு செய்ய வேண்டுமா? அன்று வாசித்த கவிதைகள் பிறகு கிடைக்குமா?

கவிதையின் தலைப்பையும் எழுதியவர் பெயரையும் மூன்று நாள் முன்னால் அனுப்பினால் ஒரே கவிதையை இரண்டு பேர் எடுத்து வருவதைத் தவிர்க்கலாம். வரிசை சீட்டுக் குலுக்கித்தான். வயது, பதவி பார்ப்பதில்லை. வாசித்த கவிதைகளின் பெயர்ப் பட்டியலை, எந்த நூலில், எந்தப் பதிப்பகத்தில் என்ற விவரத்தோடு மறுநாள் குழுவில் போடுவோம். நூலகத்திலும் ஒரு படி ஒட்டுவோம். அடுத்த வாரத்திலேயே அந்தப் புத்தகங்கள் இரவலில் போய்விடுவதாக நூலகர் சொல்வார், ஆகவே வேண்டியவர் முந்திக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்காமல் நேரே வருகிறவர்களுக்குக் கடைசி அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.